மறுசூடு

ஷூ கம்பெனியில் ஒட்டுகிற செக்‌ஷனுக்கு ஆறு ஜன்னல்கள். ஆறையும் ஆணி அடித்து மூடியிருந்தார்கள். சேரப்பணஞ்சேரிக்கும் ஒரகடத்துக்கும் நடுவே வரிசையாக நின்ற ஜல்லி மிஷின்கள் நாளெல்லாம் வெள்ளைத் தூளைக் கக்கிக்கொண்டிருக்கும். பசை தடவிய தோலின் மேல் அந்தத் தூள் வந்து உட்கார்ந்தால் ஜோடி ரிஜெக்ட். தூளுக்காக மூடிய ஜன்னல் சொல்யூஷன் பசையின் வாடையையும் உள்ளேயே வைத்துப் பூட்டியது. நாற்பது பெண்கள் காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை அதைத்தான் இழுத்து விட்டார்கள். ஓ.டி. இருந்தால் எட்டு வரைக்கும். போகப் போகப் பழகிவிடும் என்பார் சூப்பர்வைசர் ஏகாம்பரநாதன். முப்பத்தொன்பது பேருக்குப் பழகித்தான் போயிருந்தது.

மதிவதனிக்குப் பழகவில்லை. அவளுக்கு நெஞ்சுக்குள் யாரோ கையை விட்டுத் துணி பிழிவதுபோல இருக்கும். உடனே கக்கூஸுக்குப் போவாள். ரவிக்கைக்குள்ளிருந்து இளைப்புக்கு இழுக்கிற பம்பை எடுத்து இரண்டு இழுப்பு இழுப்பாள். சுவரில் சாய்ந்து நூறு வரை எண்ணினால் நெஞ்சு விடும். தாம்பரத்தில் ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து அது. பக்கத்து டேபிள் ஷெர்லினின் மாமா அங்கே மெடிக்கல் ஷாப்பில் வேலை செய்தார். தீரத் தீர ஷெர்லின்தான் வாங்கி வந்து கொடுப்பாள். இந்த இரண்டு பேரையும் அந்த டாக்டரையும் தவிர உலகத்தில் யாருக்கும் மதிவதனியின் இளைப்பு தெரியாது. கம்பெனிக்குத் தெரிந்தால் மறுநாள் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதை அவள் யோசிப்பதே இல்லை. அந்தப் பக்கம் புத்தி போனால் திருப்பிக்கொள்வாள்.

வீட்டைப் பொறுத்தவரை அந்த நோவு அவளுடைய நாலு வயதிலேயே தீர்ந்துபோன ஒன்று. அப்போது ஓர் ஆடி அமாவாசையில் அவள் அம்மா கோவிந்தம்மா பழுக்கக் காய்ச்சிய கம்பியால் விலா எலும்புக்குக் கீழே வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று சூடு வைத்தாள். அதற்கப்புறம் பத்து வருஷம் இளைப்பு வரவில்லை. சில குழந்தைகளுக்கு அது தானாகவே ஓய்ந்திருந்து பெரியவர்களானதும் மறுபடி எட்டிப்பார்க்கும் என்று தாம்பரத்து டாக்டர் சொன்னார். கோவிந்தம்மாவிடம் அதை யார் சொல்வது? அவள் வாழ்க்கையில் செய்து ஜெயித்த காரியம் என்று ஒன்று இருந்தால் அது அந்த இரண்டு தழும்புதான்.

மதிவதனி ஓடுகிறவள். கம்பெனி வேன் அவள் ஊரான சேரப்பணஞ்சேரிக்குள் வரும்; அவள் ஏற மாட்டாள். விடிகிற நேரத்தில் அண்ணனின் பழைய பேண்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டால் ஆறு கிலோமீட்டர், புளியமரங்களைப் பின்னால் தள்ளிக்கொண்டே கம்பெனி கேட்டில் போய் நிற்பாள். மாற்றுத் துணியும் டிபன் டப்பாவும் ஷெர்லினோடு வேனில் வரும். ஓட்டத்தில் அவள் ஒன்று கண்டுபிடித்திருந்தாள். முதல் மைலில் நெஞ்சு மூடும். பயந்து நின்றால் போச்சு. நிற்காமல், வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, விடுகிற மூச்சை நீளமாக விட்டுக்கொண்டே போனால் இரண்டாவது மைலில் எங்கோ ஓர் இடத்தில் திறந்துகொள்ளும். திறந்துவிட்டால் அன்றைக்கு மறுபடி மூடுவது அபூர்வம். அந்தத் திறப்புக்காகத்தான் அவள் ஓடினாள். இரும்புக் கதவு தானாக விலகி உள்ளே காற்று கொட்டுகிற அந்த நிமிஷத்தில், உடம்பு என்பது தனக்கு எதிராக வேலை செய்கிற ஒன்று என்ற எண்ணம் அவளை விட்டுப் போய்விடும். வேறு எப்போதும் போனதில்லை.

ஆடி பிறந்ததும் கம்பெனி போர்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மூன்று கம்பெனிகள் சேர்ந்து சுதந்திர தினத்துக்காகப் பெண்களுக்கு ஓட்டப் பந்தயம் வைக்கின்றன. படப்பையிலிருந்து ஒரகடம் கூட்டு ரோடு வரை பத்து கிலோமீட்டர். ஆகஸ்டு பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை. முதலில் வருகிற இரண்டு பேருக்கு அவரவர் கம்பெனி டைம் ஆபீஸில் நிரந்தர வேலை. வந்துபோகிற நேரத்தைக் கார்டில் குறிக்கிற டைம் ஆபீஸ் கேட்டை ஒட்டி இருந்தது. நாலு ஜன்னல். நாலும் திறந்தே கிடக்கும். வெளியே ஒரு வேப்பமரம்.

"உனக்காகவே போட்ட மாரி கீதுடி" என்றாள் ஷெர்லின். "நீ உள்ள போயிட்டினா என்ன மறந்துடாத. லேட்டா வந்தா கார்டுல சிவப்பு மை வெக்காத."

"உனக்கு ரெண்டு வாட்டி வெப்பேன்."

"வெய்யி, வெய்யி. பம்பு வாங்கிக் குடுத்த கைக்கு அதான் கூலி."

பந்தயத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, வியாழக்கிழமை மதியம், சொல்யூஷன் டின் ஒன்று டேபிளிலிருந்து உருண்டு தரையெல்லாம் கொட்டியது. ஜன்னலைத் திறக்க ஏகாம்பரநாதன் விடவில்லை. சாக்கைப் போட்டுத் துடைக்கச் சொன்னார். குனிந்து துடைத்தவர்களில் மதிவதனியும் ஒருத்தி. பாதியில் அவளுக்குக் கண் இருட்டியது. எழுந்து கக்கூஸுக்குப் போகக் கால் வரவில்லை. தோள் இரண்டும் காதுவரை ஏறி நின்றன. தொண்டைக்குள் பூனைக்குட்டி கத்துவது மாதிரி சத்தம். "வாடை ஒத்துக்கல சார், மயக்கம்" என்று ஷெர்லின் அவளை இழுத்துப்போய்ச் சரக்கு டெம்போவில் ஏற்றிக்கொண்டாள்.

ஊர் முனையில் டெம்போ நின்றபோது எதிரே ஜல்லி டிப்பர் வந்தது. ஓட்டி வந்தவன் மதிவதனியின் அண்ணன் எல்லப்பன். தங்கச்சி தார் ரோட்டில் குந்தியிருப்பதையும், ஷெர்லின் அவள் வாயில் எதையோ வைத்து அமுக்குவதையும் அவன் பார்த்தான். வண்டியை நடு ரோட்டிலேயே விட்டுவிட்டுக் குதித்தான்.

"இன்னாடி அது?"

"மருந்துண்ணா" என்றாள் ஷெர்லின். "இப்ப சரியாப் பூடும்."

"உன்ன யாரு கேட்டது? இதுக்கு எவ்ளோ நாளா இளைக்குது?"

அவன் பம்பைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மதிவதனியின் முடியைப் பிடித்துத் தூக்கினான். முதல் அடி முதுகின் நடுவே விழுந்தது. வெளியே போக முடியாமல் உள்ளே தவித்துக்கொண்டிருந்த மூச்சும் அந்த அடியும் ஒரே இடத்தில் மோதின. இரண்டாவது அடியில் காது அடைத்தது. டிப்பருக்குப் பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்து, "வூட்ல வெச்சிக்கப்பா உன் பஞ்சாயத்த" என்று கத்திய பிறகுதான் விட்டான்.

அந்த வீட்டில் அடி என்பது பேச்சின் ஒரு பகுதி. அப்பா அப்பாவு, அம்மாவை அடிப்பார். அம்மா பிள்ளைகளை அடிப்பாள். எல்லப்பன் தலையெடுத்ததிலிருந்து அம்மாவை விட்டுவிட்டுத் தங்கையை மட்டும் அடித்தான். அதை ஒரு மரியாதை என்று அவன் நினைத்தான். இன்றைக்கு அவன் அடித்ததில் மட்டும் பயம் கலந்திருந்தது. மதிவதனிக்கு அது முதுகிலேயே தெரிந்தது. மணிமங்கலத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதாகப் பேசி முடித்திருந்தார்கள். அந்த வீட்டு ஜெயலட்சுமி எல்லப்பனுக்கு. அவள் அண்ணன் சுப்பிரமணிக்கு மதிவதனி. ஆவணியில் இரண்டு கல்யாணமும் ஒரே பந்தலில். ஜெயலட்சுமியை இரண்டு தடவைதான் பார்த்திருந்தான். அன்றிலிருந்து தினமும் முகம் மழிக்கிறான்; டிப்பரில் ஸ்டியரிங் பக்கத்தில் பவுடர் டப்பா வைத்திருக்கிறான். தங்கச்சிக்கு இளைப்பு என்று தெரிந்தால் இந்தப் பெண்ணும் வராது, அந்த மாப்பிள்ளையும் வரமாட்டான்.

சாயங்காலம் அப்பாவு குவாரியிலிருந்து வந்தார். கண்ணும் பல்லும் தவிர உடம்பு முழுக்க வெள்ளை. தொட்டித் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டு, களியையும் கருவாட்டுக் குழம்பையும் முன்னால் இழுத்து வைத்தார். எல்லப்பன் விஷயத்தைச் சொன்னான். அவர் வாயிலிருந்த களியை விழுங்கினார்.

"நின்ன நோவு எப்டிம்மே திரும்பி வரும்?" என்று பெண்டாட்டியைக் கேட்டார், அவள் ஏதோ கடையில் வாங்கிவந்த பொருள் பழுதானதுபோல.

"வராம? காலாங்காத்தால எழுந்து மாடு மாரி ஓடினா? நெஞ்ச போட்டு குலுக்கிக்கினே கீறா. வெச்ச சூடு எத்தினி நாளுக்குத் தாங்கும்?"

"ஓடினதால வர்ல நைனா" என்றாள் மதிவதனி. மூச்சு இன்னும் முழுதாக வராததால் வார்த்தைகள் துண்டு துண்டாக விழுந்தன. "ஓடினாதான் நல்லா கீது. டாக்டரே ஓட சொன்னாரு. ஓடறதுக்கு முன்ன மருந்த இழுத்துக்கினு..."

"எந்த டாக்டரு? யாரக் கேட்டுப் போன?" களித் தட்டு அவள் காதை ஒட்டிப் பறந்து சுவரில் மோதி விழுந்தது. அப்பாவு கையைக் கழுவிக்கொண்டார். கோபம் அத்தோடு முடிந்துவிட்டது அவருக்கு.

"சனிக்கெழம ஆடி அமாவாச" என்றாள் கோவிந்தம்மா, தட்டைப் பொறுக்கிக்கொண்டே. "மறுசூடு வெச்சிட்டா தீந்துது. மொத சூடு வெச்ச கைதான் மறுசூடும் வெக்கணும். நான்தான வெச்சேன்? மூணு எண்ணி எடுத்துடுவேன். மூணுக்கு மேல போச்சினா புண்ணாப் பூடும், கொறஞ்சா கேக்காது."

"ஞாயித்துக்கெழம ஓட்டம் கீதும்மா."

"ஓடு" என்றார் அப்பாவு. "யாரு வாணான்னா? நோவு வுட்டுட்ச்சினா இன்னும் நல்லா ஓடுவ. எம் பொண்ணு ஜெயிச்சா எனக்கு கசக்குமா?"

அவர் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். அதுதான் மதிவதனிக்குத் தாங்க முடியாமல் இருந்தது. விலாவுக்குக் கீழே, மூச்சு இழுக்கும்போதெல்லாம் விரிகிற அந்த இடத்தில் தோல் வெந்துபோனால் மறுநாள் பத்து கிலோமீட்டர் எப்படி ஓடுவது என்று அவருக்குச் சொல்லலாம். கேட்டுக்கொள்ளக்கூடச் செய்வார். கேட்டுவிட்டு, "பொறுத்துக்கோ" என்பார். அவர் பொறுத்துக்கொண்டவை அவ்வளவு.

வெள்ளிக்கிழமை ஷெர்லின் தன் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னாள். சனியும் ஞாயிறும் இருந்துவிட்டு அங்கிருந்தே பந்தயத்துக்குப் போகலாம்.

"பம்பு அண்ணங்கிட்ட கீது."

"வேற ஒண்ணு வாங்கலாம்டி."

"உங்க மாமா கடையில ஸ்டாக் இல்ல, திங்கக்கெழமதான் வரும்னு நீதான சொன்ன."

பம்பு இருக்கிற இடத்தில்தான் மதிவதனியும் இருக்க வேண்டியிருந்தது. எல்லப்பன் மனசு இளகும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பினாள். சின்ன வயதில் அவளை அடித்துவிட்டு அவனே கடைக்குப் போய்த் தேன்மிட்டாய் வாங்கி வருவான்.

சனிக்கிழமை, ஓடுகிற பெண்களுக்குக் கம்பெனி லீவு கொடுத்திருந்தது. காலையில் கோவிந்தம்மா பூசணிக்காய்க் குழம்பும் வடையும் வாழைக்காய்ப் பொரியலும் செய்து இறந்தவர்களுக்குப் படைத்தாள். காக்கைக்கு வைத்தபின் எல்லோரும் சாப்பிட்டார்கள். மதிவதனிக்கு இரண்டு வடை கூடுதலாக விழுந்தது. ஏன் விழுந்தது என்று தெரிந்தே தின்றாள். வடை நன்றாகத்தான் இருந்தது. வெயில் உச்சிக்கு வந்ததும் பின்பக்க முற்றத்தில், மூன்று கல் வைத்த அடுப்பில், வேலிக்காத்தான் கட்டை தணலாகி ஆரஞ்சு நிறத்தில் மூச்சுவிட்டது. விரல் தடிமனுக்கு ஒரு கம்பி. ஒரு முனையில் ஈரத்துணி சுற்றியிருந்தது, மறுமுனை தணலுக்குள்.

"வா கண்ணு" என்றாள் கோவிந்தம்மா. அவள் குரலில் அப்படி ஒரு பாசத்தை மதிவதனி கேட்டு வெகு நாளாகியிருந்தது.

"வாணாம்மா. ஓட்டம் முடிஞ்சி வெச்சிக்கறேன். திங்கக்கெழம வெய்யி. சத்தியமா."

"திங்கக்கெழம அமாவாசையா?"

அவள் வாசல் பக்கம் திரும்பினாள். எல்லப்பன் நின்றுகொண்டிருந்தான்.

அப்பாவு கால்களைப் பிடித்தார். குவாரியில் சுத்தியல் பிடிக்கிற கை. பிடித்த இடம் மரத்துப்போனது. எல்லப்பன் அவளைக் கோணிப்பையின் மேல் மல்லாக்கத் தள்ளித் தோள்களை முழங்காலால் அழுத்தினான். அவள் ஒரு காலை உருவி அப்பாவின் வாயில் உதைத்தாள். உதடு கிழிந்து ரத்தம் தாடியில் இறங்கியது. அவர் துடைக்கவில்லை, காலை மறுபடி பிடித்தார். அவள் தலையைத் திருப்பி எல்லப்பனின் மணிக்கட்டைக் கடித்தாள். அவன் அவள் கன்னத்தில் இரண்டு அறை விட்டான். தரையிலிருந்த புழுதி கண்ணிலும் மூக்கிலும் ஏறியது. அப்போதுதான் அது வந்தது. நெஞ்சு மூடிக்கொண்டது. முதல் மைலில் மூடுவதுபோல இல்லை, இது பாறை. இழுத்த மூச்சு உள்ளேயே நின்றது. விட முடியவில்லை. விட முடியாததால் இழுக்கவும் முடியவில்லை.

"ண்ணா" என்றாள். "பம்பு... குடுண்ணா. ஒரே வாட்டி. குடுத்துட்டு வெய்யிங்க. நான் ஆட மாட்டேன்."

அவனிடம் அவள் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. எல்லப்பனின் கை சட்டைப் பைக்குள் போனது. பம்பை வெளியே எடுத்தான். கொடுத்துவிடத்தான் எடுத்தானோ என்னவோ. அதற்குள் கோவிந்தம்மா கம்பியோடு எழுந்து, "அத காட்டாதடா, அத இழுத்து இழுத்துதான் நோவு உள்ள எறங்கிப் போச்சி" என்றாள். அவன் அம்மாவைப் பார்த்தான். பம்பைப் பார்த்தான்.

"இதாண்டி உன்ன கெடுத்தது" என்று சொல்லி அடுப்புக்குள் வீசினான்.

கோவிந்தம்மா சட்டையை விலக்கினாள். பழைய தழும்பு இரண்டும் புளியங்கொட்டை அளவில் வெளுத்துக் கிடந்தன. அவற்றைப் பார்த்ததும் கம்பியைச் சற்று விலக்கிப் பிடித்தாள். நாலு வயசுக் குழந்தையைப் பார்த்திருப்பாள். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, மூணு எண்றதுக்குள்ள..." என்று குனிந்தாள்.

அடுப்பு வெடித்தது.

பம்பின் தகர டப்பாவுக்குள் அடைத்திருந்த மருந்து தணலின் சூட்டில் பொங்கிப் பிளந்துவிட்டது. கல் ஒன்று உருண்டது. தணல் கட்டிகள் முற்றம் முழுக்கப் பறந்தன. அப்பாவு முதுகில் பட்ட நெருப்பைத் தட்டிக்கொண்டு தொட்டிப் பக்கம் ஓடினார். கோவிந்தம்மா கம்பியைப் போட்டுவிட்டுப் பின்பக்கமாக விழுந்தாள். எல்லப்பன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு பக்கவாட்டில் சரிந்தான். இன்னொரு கை தரையில் நீண்டு கிடந்தது. மதிவதனியின் மேல் யாருடைய பாரமும் இல்லை.

கம்பி அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடந்தது. எடுத்தாள்.

எதற்காக எடுத்தேன் என்று பின்னால் பல நாள் அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். தூரத் தள்ளிப்போடத்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லியும் பார்த்தாள். ஆனால் துணி சுற்றிய முனையைத் தேடிப் பிடித்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. நீண்டு கிடந்த கையின் முழங்கைக்குக் கீழ்ப்பக்கம், ரோமம் இல்லாத வெளுத்த இடத்தைக் கண் தேர்ந்தெடுத்ததும் ஞாபகம் இருந்தது. வைத்தாள். அழுத்தினாள். ஒன்று. எல்லப்பன் முகத்திலிருந்து கையை எடுத்து அவளைப் பார்த்தான். இரண்டு. அவன் வாய் திறந்தது. சத்தம் பிறகுதான் வந்தது. மூன்று எண்ணி எடுத்தாள், அம்மா சொன்ன மாதிரியே.

வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் ஓடி வரும் சத்தம். ஸ்ரீபெரும்புதூரில் தேர்தல் கூட்டத்தில் அந்த ராத்திரி குண்டு வெடித்து மூன்று மாசம்கூட ஆகவில்லை. அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு லாரி டயர் வெடித்தாலே குலை நடுங்கிக்கொண்டிருந்த காலம் அது.

"எம்மே கோவிந்தம்மா! இன்னாம்மே அது, குண்டா?" பக்கத்து வீட்டு பாப்பம்மாள் வேலிக்கு மேல் தலையை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் பத்துத் தலைகள். "போலீசு வந்துடப் போவுது, எதுனா இருந்தா இப்பவே சொல்லிடு. எம் புள்ள ஜாமீன்ல வெளிய கீறான்."

"ஒண்ணுமில்ல" என்றார் அப்பாவு. உதட்டிலிருந்து ரத்தம் சொட்டியது. "படையல் தேங்கா. அடுப்புல வுழுந்து வெடிச்சிச்சி."

"தேங்காயா இவ்ளோ சத்தம் போட்ச்சி? நான் ஆட்டுக்குட்டிய அங்கியே போட்டுட்டு ஓடி வந்தேன். உம் புள்ள ஏன் உருள்றான்?"

எல்லப்பன் கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு எழுந்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ஒரு கணம் மதிவதனியைப் பார்த்தான். இப்போது சொல்லிவிடுவான் என்று அவள் காத்திருந்தாள்.

"அடுப்பு மேல வுழுந்துட்டேன்" என்றான். "தே, போங்க எல்லாம். வேடிக்க பாக்க வந்துட்டாங்க."

தலைகள் ஒவ்வொன்றாக இறங்கின. முற்றத்தில் யாரும் அசையவில்லை. வெந்த தோலின் நாற்றம் நின்றிருந்தது. அந்த நாற்றத்தைத் தான் முழுசாக இழுத்துக்கொண்டிருப்பதை மதிவதனி அப்போதுதான் கவனித்தாள். மூச்சு வந்தது. அடி வயிறு வரை இறங்கித் தடையில்லாமல் திரும்பியது. பம்பு இல்லாமல், இரண்டாவது மைல் இல்லாமல், இப்படி ஒரு திறப்பை அவள் அறிந்ததில்லை.

கோவிந்தம்மா தவழ்ந்து வந்து மகளின் முதுகில் காதை வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள்.

"நின்னுட்ச்சி" என்றாள். கண்ணில் தண்ணீர். "பாருய்யா, சத்தமே இல்ல. கம்பி யார் மேல பட்டா இன்னா, ரெண்டு பேரும் ஒரே ரத்தம்தான? கேட்டுட்ச்சி."

அப்பாவு தலையை ஆட்டினார். எல்லப்பன் தொட்டித் தண்ணீருக்குள் கையை விட்டுக்கொண்டு யாருக்கும் முகம் காட்டாமல் நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை படப்பையில் முப்பத்தொரு பெண்கள் நின்றார்கள். மதிவதனியின் பனியனில் பதினேழாம் நம்பர். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. "எவ வூட்டு வாசப்படியில வுழுந்த?" என்று கேட்ட ஷெர்லின், பதிலுக்குக் காத்திராமல் பனியனில் நம்பர் குத்திய ஊக்கைச் சரி செய்தாள். "முடியலன்னா நின்னுடுடி. செத்துகித்து வெக்காத. டைம் ஆபீஸ் ஓடிப் பூடாது."

முதல் மைலில் நெஞ்சு மூடியது. அவள் வேகத்தைக் குறைத்து, மூச்சை நீளமாக விட்டாள். இருபது பேர் அவளைத் தாண்டிப் போனார்கள். இரண்டாவது மைலில் திறந்தது. ஒவ்வொருத்தியாகப் பிடித்தாள். சேரப்பணஞ்சேரி வந்தபோது ஊர் ரோட்டுக்கு வந்து நின்றிருந்தது. கிழிந்த உதட்டோடு அப்பாவு, "எம் பொண்ணு! எம் பொண்ணு!" என்று யாரோ முன்பின் தெரியாதவன் தோளைக் குலுக்கிக்கொண்டிருந்தார். அம்மா கும்பிட்டுக்கொண்டு நின்றாள். எல்லப்பன் இல்லை. அவனைத் தேடியதில் அவளுக்குக் கால் ஓர் அடி பிசகியது.

ஊரைத் தாண்டியதும் ஜல்லி மிஷின்கள். ஞாயிற்றுக்கிழமையும் ஓடின. எதிரே வந்த டிப்பர்கள் ரோட்டை வெள்ளையாக்கிவிட்டுப் போயின. முன்னால் மூன்று பேர். ஏழாவது கிலோமீட்டர் கல்லைத் தாண்டும்போது பாறை இறங்கியது. நீளமாக விட்டுப் பார்த்தாள். போகவில்லை. தொண்டையில் பூனைக்குட்டி. கண்ணின் ஓரங்கள் கறுத்தன. நின்றுவிடு என்று ஷெர்லின் சொன்னது கேட்டது. புளியமரம் ஒன்று கிட்டே வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு குந்திவிடலாம்.

அப்போது அவள் புத்தி தானாகவே அந்த முற்றத்துக்குப் போனது. அவள்தான் அனுப்பினாளோ. கம்பியின் கனம் கையில் வந்தது. வெளுத்த தோல் கிடந்த இடம் தெரிந்தது. ஒன்று. அவன் முகம். இரண்டு. திறந்த வாய். மூன்று. நெஞ்சுக்குள் ஏதோ படக்கென்று விலகியது. காற்று உள்ளே வந்தது. வெட்கமாக இருந்தது, காற்றும் வந்தது. மறுபடியும் வைத்தாள். மறுபடியும். ஒவ்வொரு நூறு அடிக்கும் அண்ணனின் கையில் ஒரு சூடு வைத்துக்கொண்டே மூன்றாவதாகப் போனவளைப் பிடித்தாள், இரண்டாவதாகப் போனவளைக் கூட்டு ரோடு வளைவில் தாண்டினாள். தூள் அடங்கியதால் திறந்ததா, உடம்பு அதன் கணக்குக்குத் திறந்ததா, தான் செய்ததால் திறந்ததா என்று அவளுக்கு எப்போதுமே தெரியப்போவதில்லை. தெரிந்துகொள்ள வேண்டாம் என்றும் இருந்தது.

ஏகாம்பரநாதன் நோட்டோடு வந்தார். "செகண்டு. பதினேழு. அப்பாவு மக மதிவதனி." பேனாவை நிறுத்தினார். "வியாழக்கெழம மயங்கி வுழுந்தியே. வீசிங் மாரி எதுனா கீதாம்மா?"

"இல்ல சார். சொல்யூஷன் கொட்டினதால."

"அப்ப சரி. ஒண்ணாந் தேதிலர்ந்து டைம் ஆபீஸ்."

ஷெர்லின் கட்டிக்கொண்டு அழுதாள். மதிவதனிக்கு அழுகை வரவில்லை. ஒரு சொம்பு தண்ணீர் வேண்டும்போல இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டு. அம்மாவும் அப்பாவும் ஊருக்குள் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். எல்லப்பன் மட்டும் உள்ளே தரையில் உட்கார்ந்து, முந்தின நாள் குழம்பை ஊற்றிச் சோறு தின்றுகொண்டிருந்தான். சூடுபட்ட கையில் வாழை இலைச் சுருளைக் கட்டி மடியில் வைத்திருந்தான். முகம் மழிக்கவில்லை.

"ரெண்டாவதா வந்தியாமே" என்றான், தட்டைப் பார்த்துக்கொண்டு. "பாப்பம்மா சொல்லிச்சி."

"ம்."

"மணிமங்கலத்துலர்ந்தும் சொல்லி அனுப்பிக்கறாங்க. அவங்களுக்கு சந்தோஷமாம்."

கை எரிகிறதா என்று கேட்க நினைத்தாள். என்னை மன்னிச்சிடு என்று சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் வார்த்தை கிடையாது, அவளுக்கும் இல்லை. தாகமாக இருந்தது. சொம்பு அவன் தலைக்கு மேல் இருந்த பலகையில் கவிழ்த்து வைத்திருந்தது. எடுப்பதற்காகக் கையை உயர்த்தினாள்.

எல்லப்பனின் தோள்கள் ஒடுங்கின. தலை பக்கவாட்டில் சாய்ந்து, முழங்கை முகத்துக்கு முன்னால் வந்துவிட்டது. கையிலிருந்த சோறு தரையில் சிதறியது. அவன் அதைத் தெரிந்து செய்யவில்லை. டிப்பர் ஓட்டுகிற, ஆறடி உயர ஆண்பிள்ளை அவன். செய்த பிறகுதான் அவனுக்கே தெரிந்து, முகம் சிவந்து, சோற்றைப் பொறுக்க ஆரம்பித்தான்.

மதிவதனிக்கு அந்த ஒடுக்கம் உள்ளும் புறமும் தெரியும். தோள் எந்த அளவுக்கு இறங்கும், காதுக்குள் என்ன சத்தம் கேட்கும், அடி விழாமல் போனால் அந்த இடத்தில் எவ்வளவு நேரம் குறுகுறுக்கும் என்பதெல்லாம் தெரியும். இத்தனை வருஷமாக அது அவள் உடம்பில் இருந்தது. இப்போது அவன் உடம்புக்குப் போய்விட்டிருந்தது.

உயர்த்திய கை அப்படியே நின்றது. இறக்கினால் அவன் மறுபடி ஒடுங்குவான். இறக்காமலும் நிற்க முடியாது. சொம்பு விரல் நுனிக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. மூச்சு மட்டும் ஒரு தடையும் இல்லாமல், நிறைவாக, உள்ளே போய் வந்துகொண்டிருந்தது.